செவலைக் குதிரையும் பாலிதீன் ஷீட்டும்

2004-ம் வருடம். ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரோஜாப் பண்ணையில் எனக்கு வேலை. ரோஜாப் பண்ணை என்றதும் பூக்கூடையோடு என்னைக் கற்பனை செய்துவிடாதீர்கள். ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வெளிநாடு போகும் பூப்பெட்டிகளுக்கு பேப்பர் தயார் செய்வேன், அவ்வளவுதான். கணவருக்கு ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட். மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு அந்த ஊர்க் குளிரும் பழகவில்லை, பாஷையும் பிடிபடவில்லை. சந்தையில் நான் தமிழில் விலை கேட்பேன், கடைக்காரர் கன்னடத்தில் பதில் சொல்வார், அதற்குள் பக்கத்தில் நிற்பவர் தெலுங்கில் பேரம் பேசி வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்தப் பண்ணைக்கு ஒரு நாள் ஒரு குதிரை வந்தது. காலேஜ் படிக்கும் தன் மகளுக்காக முதலாளி வாங்கியது. பெங்களூரில் ரேஸ் ஓடி ஓய்ந்த பெண் குதிரை. ரேஸில் அவளுக்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர். அது யார் வாயிலும் நுழையாததால், பூ வெட்டும் பெண்கள் மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி நிறத்தை வைத்து 'செவலை' என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது. குதிரையைப் போய் அவள் இவள் என்கிறேனே என்று பார்க்காதீர்கள். அவளை 'அது' என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

எங்கள் பண்ணையில் ரோஜாச் செடிகள் எல்லாம் பாலிஹவுஸுக்குள் இருந்தன. இரும்புக் குழாய்களை வளைத்து நட்டு, மேலே பாலிதீன் ஷீட் போர்த்திய பெரிய பெரிய கூடாரங்கள். அந்தப் பக்கத்துக் காற்று சும்மா இருக்காது. எங்காவது ஓரத்தில் ஒரு ஷீட் கழன்று படபடவென்று அடித்தால் போதும், செவலைக்கு உயிர் போய்விடும். கண்ணின் வெள்ளை தெரிய விழித்து, உடம்பெல்லாம் வியர்த்து, கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்ப்பாள். அத்தனை ஜனம் கூச்சல் போடுகிற மைதானத்தில் ஓடியவள், போயும் போயும் ஒரு பிளாஸ்டிக்குக்கு இப்படி நடுங்குவாளா என்று எல்லோருக்கும் ஆச்சரியம்.

முதலாளியின் மகள் முதன்முதலாக ஏறிய அன்றே அது நடந்தது. ஒரு ஷீட் படபடத்தது, செவலை ஒரே பாய்ச்சல், அந்தப் பெண் கீழே விழுந்து தோள்பட்டை எலும்பில் கட்டுப் போட வேண்டியதாகிவிட்டது. குதிரை இனி இந்த இடத்தில் இருக்கக் கூடாது என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். பெற்ற வயிறு, அவரைக் குறை சொல்ல முடியாது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர் மாலூர் பக்கத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கல்யாண ஊர்வலம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பேண்டு வாத்தியம், சரவெடி, தலையில் லைட் சுமந்தபடி வரும் ஆட்கள், பின்னால் ஜெனரேட்டர் வண்டி. பிளாஸ்டிக் சத்தத்துக்கே இந்தப் பாடு படுகிறவள், முதல் ஊர்வலத்திலேயே மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டுத் தானும் எங்காவது பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொள்வாள். கால் ஒடிந்த குதிரைக்கு அதற்கப்புறம் வாழ்க்கை கிடையாது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே முதலாளியின் அறைக்கு ஒரு கையெழுத்து வாங்கப் போனவள், கையெழுத்தை விட்டுவிட்டு, செவலையை நான் பழக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காட்டன் புடவையும் டிபன் பாக்ஸுமாக வந்துபோகும் என்னிடம் அவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். கல்லூரியில் என்.சி.சி.யில் குதிரை ஏற்றம் கற்றுக்கொண்டதையும், ஒரு அணிவகுப்பில் கூட ஏறிப் போனதையும் சொன்னேன். அப்போது ஆயுத பூஜை முடிந்திருந்த சமயம். இனி காதலர் தின ஆர்டர் வரை அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த சீசன் முடிகிற வரைக்கும் பாருங்கள், அதற்குள் சரியாகவில்லை என்றால் மாலூர்க்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். வீட்டில் சொன்னபோது கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஸ்கூட்டி ஓட்டவே பயப்படுகிறவள்.

செவலையைப் பார்த்துக்கொள்ள ஓர் அண்ணன் அவளுடனேயே பெங்களூரிலிருந்து வந்திருந்தார். கிருஷ்ணகிரிக்காரர். குதிரையிடம் உருதுவில் கொஞ்சுவார், என்னிடம் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடம். அவரும் நானும் சேர்ந்து செய்த முதல் காரியமே சொதப்பல். பாதுகாப்புக்காகக் கணவரின் பைக் ஹெல்மெட்டை, முகம் மூடுகிற பெரிய ஹெல்மெட்டை, மாட்டிக்கொண்டு லாயத்துக்குள் போனேன். செவலை அதைப் பார்த்த வேகத்தில் பின்சுவரில் போய் ஒட்டிக்கொண்டாள். அண்ணன் கன்னடத்தில் என்னவோ சொன்னார். நல்லவேளையாக எனக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம் நிதானமாக ஆரம்பித்தோம். அவள் மேல் ஏறுவதே பெரும்பாடாக இருந்தது. சேணத்திலிருந்து தொங்குகிற அங்கவடியில் ஏறுவதற்குக் கால் வைத்தாலே நடக்க ஆரம்பித்துவிடுவாள். இது கொழுப்பு என்று நான் நினைத்தேன். அண்ணன்தான் விளக்கினார். ரேஸ் லாயத்தில் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே, ஓட்டுகிறவரின் காலை இன்னொருவர் தூக்கிவிட, அவர் எம்பி ஏறிக்கொள்வாராம். நின்ற இடத்தில் யாராவது ஏறுவார்கள் என்பதே இவளுக்குத் தெரியாது. அதனால் பூ அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் நின்று அவள் முதுகில் கையை மட்டும் வைப்பேன். ஒரு துண்டு வெல்லம் கொடுப்பேன், இறங்குவேன். பிறகு வயிற்றை அவள் முதுகில் சாய்ப்பேன், வெல்லம், இறங்குவேன். ஏறி உட்கார்ந்த பிறகும் எங்கேயும் போகாமல் சும்மா உட்கார்ந்துவிட்டு இறங்குவேன். காலையில் ஆபீஸ் நேரத்துக்கு முன்னால் பனியில் இதைச் செய்வதைப் பார்த்த வாட்ச்மேன், மேடத்துக்கு ஏதோ வேண்டுதல் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஓட்ட ஆரம்பித்ததும் அடுத்த சிக்கல். அவள் வேகம் எடுத்தால் நான் லகானை இழுப்பேன். இழுக்க இழுக்க இன்னும் வேகம் எடுப்பாள். ஒரு நாள் கை வலி தாங்காமல், என்னவோ ஆகட்டும் என்று லகானைத் தளரவிட்டேன். செவலை பெருமூச்சு விட்டு, கழுத்தைத் தாழ்த்தி, சாதாரணமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள். லகான் இறுகினால் ஓடு என்பதுதான் ரேஸில் அவள் படித்த பாடம். நான் பயந்து இழுத்ததை எல்லாம் அவள் உத்தரவாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். அன்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு மன்னிப்பே கேட்டேன்.

இவ்வளவு வந்தும் பாலிதீன் பயம் மட்டும் போகவில்லை, இன்னும் அதிகமாகிக்கொண்டே இருந்தது. அதற்குக் காரணம் எங்கள் எல்லோருடைய பாசம் என்பது அப்போது தெரியவில்லை. பண்ணையில் வேலை செய்த பெண்கள், கழன்ற ஷீட்டை எல்லாம் தேடித் தேடி கயிற்றால் கட்டினார்கள். லாயத்துக்குப் பக்கத்தில் வரும்போது, பச்சைப் பிள்ளை தூங்குகிற வீட்டில் நடக்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்தார்கள். வேன் டிரைவர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, அவர்களாகவே செய்தார்கள். எனக்கும் அது நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பெரிய சத்தம் கேட்டது. கிரேடிங் ஷெட்டில், அதாவது பூக்களைக் காம்பு நீளம் பார்த்துப் பிரிக்கிற கொட்டகையில், ஒரு அக்கா இருந்தார். வாய்க்கு அந்த வட்டாரத்திலேயே அவரை விட்டால் ஆள் இல்லை. அவரும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு முனையாக ஒரு பழைய பாலிதீன் ஷீட்டை இழுத்துக்கொண்டு போகும்போது, வேலைக்கு வந்துபோகிற வேனில் ஜன்னலோர சீட் யாருக்கு என்பதில் சண்டை மூண்டுவிட்டது. அதுவும் சரியாக லாயத்துக்கு எதிரில். ஒருவர் தெலுங்கில் திட்ட, ஒருவர் தமிழில் திட்ட, கையை ஆட்டும்போதெல்லாம் ஷீட்டும் சேர்ந்து படபடவென்று ஆடுகிறது. ஐயோ, செவலை அறுத்துக்கொண்டு ஓடியிருப்பாளே என்று நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

செவலை லாயத்துக் கதவுக்கு மேலே கழுத்தை நீட்டி, வாயில் பாதி மென்ற புல்லோடு, காதை முன்னுக்கு வைத்துக்கொண்டு சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் பேசும்போது அந்தப் பக்கம், மற்றவர் பேசும்போது இந்தப் பக்கம்.

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்று ஒன்று புரியவும் செய்தது. சுற்றியிருக்கிற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அவளுக்கு என்ன தோன்றும்? ஏதோ ஆபத்து வரப்போகிறது என்றுதானே. இந்த இரண்டு பேர் மட்டும்தான் அவள் எதிரில் பயமே இல்லாமல், தங்கள் பாட்டுக்குச் சண்டை போட்டார்கள்.

அன்றிலிருந்து நிலைமையை மாற்றினோம். இலை உருவுவது, காம்பு நறுக்குவது போன்ற வேலைகளை முடிந்தபோதெல்லாம் செவலை மேயும் வேலியோரம் வைத்துக்கொள்ளும்படி பெண்களிடம் கேட்டேன். அவர்களுக்குச் சந்தோஷம், வெயில் காயலாம் அல்லவா. பேச்சு, சிரிப்பு, மாமியார் கதை, நடுவில் ரேடியோ. பழைய ஷீட் ஒன்றைத் தரையில் விரித்து, ஓரத்தில் கல் வைத்து, அதன் மேல் கேரட்டைப் போட்டு வைத்தோம். முதலில் கழுத்தை மட்டும் நீட்டி எடுத்தாள். பிறகு ஒரு கால் வைத்தாள், சத்தம் கேட்டதும் எடுத்தாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேரட் வேண்டும், கால் வைத்துத்தான் ஆக வேண்டும். மார்கழிக் குளிர் வருவதற்குள் ஷீட்டின் மேல் நின்றுகொண்டே தூங்குகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

நான் அவள் மேல் ஏறிப் பாலிஹவுஸ்களின் இடையில் போக ஆரம்பித்தேன். அவள் காது லேசாக விறைத்தால் போதும், பேச்சுக் கொடுப்பேன். என்ன பேசுவது? என் மாமியாரைப் பற்றிச் சொல்வேன். யாரிடமும் சொல்ல முடியாததை எல்லாம் அவளிடம் கொட்டினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஊரில் நான் அவ்வளவு பேசியதே கிடையாது. மெயின் ரோடு வரை போய், கம்பெனி பஸ்கள் புஸ்ஸென்று பிரேக் போடுவதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவோம். அந்தக் காலைகளின் பனி வாசனையும், அவள் முதுகின் கதகதப்பும் இப்போது இதை எழுதும்போதுகூட என்னிடம் வருகின்றன.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்திருந்தபோதுதான் பொங்கல் வந்தது. பொங்கலை ஒட்டி அந்தப் பக்கத்து ஊர்களில் எருது விடும் விழா நடக்கும். சீசன் என்பதால் பண்ணைக்கு லீவு இல்லை. நான் செவலையோடு வெளியே மண்சாலையில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து ஊரில் எருதை அவிழ்த்து ஓடவிடும் நேரம் போல. சரவெடி ஒன்று காதைப் பிளந்தது. அடுத்த நொடி செவலை காற்றாகப் பறந்தாள்.

லகானை இறுக்கிப் பிடி என்று என் உடம்பு முழுவதும் சொன்னது. இழுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தளர்த்தினேன். பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பேசினேன். நேரே போனால் மெயின் ரோடு, லாரிகள். அன்று என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் ரோட்டுப் பக்கம் போகவில்லை. பண்ணை கேட்டில் தானாகவே திரும்பி, லாயத்தையும் தாண்டி, நேராகக் கிரேடிங் ஷெட்டுக்கு ஓடினாள். வாசலில் நின்று, பூ பிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் தலையை நீட்டி, வெடவெடவென்று நடுங்கினாள்.

அந்த வாய்க்கார அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்கவில்லை. இலை நறுக்கிக்கொண்டே சொன்னார்.

"வந்துட்டியாடி? நில்லு, நில்லு. எவனோ வெடி உடறான், நமக்கு இன்னா."

மற்றவர்களும் அப்படியே வேலையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் செவலையின் நடுக்கம் அடங்கியது. நான் இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்த நிமிடத்தில் எனக்கு அழுகை வந்தது. பயந்தால் எங்கேயாவது ஓடிக்கொண்டிருந்தவளுக்கு, பயந்தால் போக ஓர் இடம் கிடைத்துவிட்டது.

காதலர் தின சீசன் முடிந்தது. மாலூர்க்காரர் வந்தார், கூடவே டிரம் அடிக்கிற ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். நான் செவலை மேல் ஏறி நடத்திக் காட்டினேன், ஓட்டிக் காட்டினேன். டிரம்காரர் பக்கத்தில் வந்து அடித்தார். அவள் ஒரு காதைத் திருப்பினாள், அவ்வளவுதான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முதலாளியம்மாகூடக் கை தட்டினார். அப்போதுதான் மாலூர்க்காரரின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு மலர்ச்சி. இந்த மாதிரி குதிரையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், இன்றைக்கே லாரி வரச் சொல்கிறேன் என்றார்.

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை இது. யாரிடமிருந்து அவளைக் காப்பாற்ற வேண்டும் என்று பழக்கினேனோ, அவருக்கே பிடித்த மாதிரி தயார் செய்து கொடுத்துவிட்டேன். முதலாளியின் மகளுக்கோ மேல்படிப்புக்கு வெளிநாடு போகும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. குதிரை இனி யாருக்காக? மாலூர்க்காரர் கெட்டவர் இல்லை, செவலையை நல்லபடியாகத்தான் தடவிக் கொடுத்தார். ஆனால் அவர் தொழில் அப்படி. தினம் ஓர் ஊர், தினம் ஓர் ஆள், இறுகிய லகான், காலடியில் வெடி. இவள் நிற்பாள்தான். நம்மை நம்பி நிற்பாள். அந்த நம்பிக்கை எத்தனை நாளைக்குத் தாங்கும்? சம்பளத்துக்கு வேலை செய்கிறவள் நான், முதலாளியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் செவலையின் பக்கத்திலேயே நின்றேன்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து அந்த அக்காவின் குரல் வந்தது.

"அய்யா, பொண்ணக் குடுக்கறதுக்கு முன்ன எடத்தப் போயி பாக்க மாட்டீங்களா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், மாலூர்க்காரர் உட்பட. முதலாளியும் சிரித்தார். சிரித்து முடித்ததும் செவலையையே பார்த்தார். தன் மகளை முன்பின் தெரியாத நாட்டுக்கு அனுப்பப் போகிறவர், அவர் மனதில் என்ன ஓடியதோ. மாலூர்க்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். பிறகு மாட்டு டாக்டர் ஒருவர் மூலம் ஓர் இடம் தெரியவந்தது. சர்ஜாபூர் தாண்டி, குழந்தைகளுக்குக் குதிரை ஏற்றம் சொல்லிக்கொடுக்கிற இடம். நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று முதலாளி என்னிடம் சொன்னார்.

நான், அண்ணன், அந்த அக்கா மூவரும் பூ வேனில் போனோம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற மாதிரி அக்கா பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். போன இடத்தில் தண்ணீர்த் தொட்டியில் கை விட்டுப் பார்த்தார், வைக்கோலை முகர்ந்தார், ஞாயிற்றுக்கிழமை யார் தீனி வைப்பார்கள் என்று கன்னடத்தில் குறுக்கு விசாரணை செய்தார். அந்த இடத்துக்காரர் பாவம், வேர்த்துப்போய்விட்டார். வேலியோரம் சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை லகானைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நடந்துபோவதைப் பார்த்ததும் எனக்கு மனது நிறைந்துவிட்டது. திரும்பும்போது அக்கா வேனின் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இடம் பரவாயில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

செவலையை அழைத்துப் போக அந்த இடத்திலிருந்து லாரி வந்தது. பண்ணையே வேலையை விட்டுவிட்டு நின்றது. லாரியில் ஏற ஒரு சாய்வுப் பலகை, குளம்பு பட்டால் மத்தளம் மாதிரி அதிரும். மிரண்டால் சமாதானப்படுத்தலாம் என்று நான் வெல்லத்தோடு பக்கத்தில் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அவள் மிரள வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. மிரண்டு என்னைத் தேட வேண்டும், என்னால்தான் ஏற வேண்டும். அவள் பலகையை ஒரு முறை முகர்ந்தாள். பிறகு அண்ணனின் தளர்ந்த கயிற்றோடு, தட தடவென்று தானாகவே ஏறிப் போனாள். உள்ளே புல் கட்டியிருந்தது. அதைக் கடிக்க ஆரம்பித்தாள். கதவை மூடும் வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

லாரி கேட்டைத் தாண்டியதும் நான் தேம்பித் தேம்பி அழுதேன். கையில் வெல்லம் பிசுபிசுத்தது. அக்கா என் தோளை இடித்தார்.

"தைரியமா போனா, அதுக்குப் போயி அழுவறியே. கத்திக்கிட்டுப் போயிருந்தா சந்தோசப்பட்டிருப்பியா?"

வெல்லக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.

அந்தப் பண்ணையை விட்டு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஓசூரும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. என் மகளை முதல் நாள் பள்ளியில் விட்டபோதும், அவளை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வாசலில் நின்றபோதும், அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாளே தவிர என் பக்கம் திரும்பவில்லை. வலிக்கவில்லை என்றால் அது பொய், ஆனால் அந்த வலியோடு கூடவே, பரவாயில்லை, நன்றாகத்தான் பழக்கியிருக்கிறோம் என்ற ஒரு நிம்மதியும் வருகிறது.